தீபாவளி முடிந்து வந்த பஸ்

எங்கள் நகருக்கு ஒரு ஆர்ச் உண்டு. சிவகாசி ரோட்டில் ஆமத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இரண்டு பக்கமும் யானைத் தலை வைத்து, நீலமும் ரோஸும் அடித்து நிற்கும். ஆர்ச்சைத் தாண்டினால் நகர் வந்துவிடும் என்று நினைத்துத்தான் நாங்களும் பிளாட் வாங்கினோம். உண்மையில் ஆர்ச்சுக்குள் நுழைந்து, கருவேலங்காட்டுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் முதல் வீடு வரும். விற்றவர் எங்களைக் காரில் கூட்டிப்போனார். ஏசி போட்டிருந்தார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். இரண்டு கிலோமீட்டர் போனது எனக்கு உறைக்கவே இல்லை. அதற்காக என் புத்தியை நான் திட்டாத நாள் கிடையாது. ஆனால் வீடு நல்ல வீடு, காற்று நல்ல காற்று, கிணற்றுத் தண்ணீரும் உப்பில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன். தினமும் கிழிக்கிற காலண்டர். தாள்களை அடுக்கித் தகரப்பட்டை அடிப்பதற்கு முன்னால், தேதிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. கட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கடகடவென்று ஓடும். நடுவில் ஒரு தாள் இடம் மாறியிருந்தால் என் கண் பிடித்துவிடும். பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் விழுந்து இடது கணுக்கால் உடைந்தது. பிளேட் வைத்தார்கள். மேஜை முன்னால் நின்று வேலை பார்க்கலாம், கடைக்குப் போய் வரலாம். ஆனால் ஆர்ச் வரை நடந்தால் அன்றைக்குக் கால் வீங்கி, மறுநாள் செருப்புக்குள் நுழையாது. வண்டி ஓட்டவும் பயம். அதனால் என் கணவர்தான் தினமும் பைக்கில் ஆர்ச் வரை கொண்டுவந்து விட்டு, அப்படியே விருதுநகருக்கு, பருப்புக் கமிஷன் கடை வேலைக்குப் போவார். போன வருஷம் அவருடைய முதலாளி திண்டுக்கல்லில் இன்னொரு கடை திறக்க முடிவு செய்து, இவரை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தீபாவளி முடிந்து போனால் போதும் என்றார். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வர முடியும்.

"நீ வேலையை விட்டுடேன். எத்தனை நாளைக்குத்தான் அந்தக் காலை வச்சுக்கிட்டு அலைவ?" என்று கேட்டார்.

நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து யாரோ அடித்த காலண்டரைக் கிழித்துக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. ஆட்டோ வைத்துக்கொண்டால் சம்பளத்தில் பாதி ஆட்டோவுக்கே போய்விடும். ஒரே வழிதான் இருந்தது. சிவகாசியிலிருந்து ஆமத்தூர் வந்து திரும்புகிற டவுன் பஸ், ஆர்ச்சோடு நிற்காமல் நகருக்குள் வந்து போக வேண்டும். வந்தால் என் வேலை இருக்கும், வராவிட்டால் போகும். இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நகர்ச் சங்கத்தில் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதையே சொன்னார்கள்.

"தீபாவளி முடியட்டும்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் வருஷம் இரண்டு துண்டு. தீபாவளிக்கு முன்னால், தீபாவளிக்குப் பின்னால். முன்னால் இருக்கிற துண்டு முழுக்க சீசன், ஆர்டர், லோடு. அப்போது யாருக்கும் எதற்கும் நேரம் இருக்காது. பொண்ணு பார்ப்பது, பல் பிடுங்குவது, பால் காய்ச்சுவது, பாகப்பிரிவினை, ஒழுகுகிற கூரை, பழுதான மிக்ஸி, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்காதவர்களும் அதையே சொல்வார்கள். கொத்தனார் சொல்வார், டெய்லர் சொல்வார், பூ விற்கிறவர் சொல்வார். நானும் சொல்வேன். இத்தனைக்கும் எங்கள் காலண்டர் பிரஸ்ஸுக்குத் தீபாவளி முடிந்த பிறகுதான் வேலை உச்சத்துக்குப் போகும். வாய்ப்பழக்கம் யாரை விட்டது?

சங்கத்துக்காரர்களை நம்பாமல் மனுவை நானே எழுதினேன். எங்கள் நகரில் முன்பக்கத்து நாலு தெருவில் கடைக்காரர்கள், பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர்கள், லோன் போட்டுக் கட்டிய வீடுகள். கடைசித் தெருவில் சின்னச் சின்ன வீடுகள், பெரும்பாலும் பட்டாசுக்குப் போகிற பெண்கள். காலை ஆறரை மணிக்கு நான் அடுப்படியில் நிற்கும்போது அவர்கள் ஜன்னல் வழியே தெரிவார்கள். கையில் சாப்பாட்டுப் பை, முந்தானையை இடுப்பில் செருகியிருப்பார்கள். நாற்பது பேரும் கூட்டமாக ஆர்ச்சைப் பார்த்து வேகமாக நடப்பார்கள். இதைவிட மனுவுக்கு வேறென்ன வேண்டும்? 'நாற்பது பெண் தொழிலாளர்கள் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடந்தே பேருந்து நிறுத்தத்துக்குச் செல்கிறார்கள்' என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். என் காலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சொந்தக் கதையைச் சொல்லி இரக்கம் கேட்பது எனக்குப் பிடிக்காது.

கையெழுத்து வாங்கக் கடைசித் தெருவுக்குப் போனேன். குடிவந்து நாலு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அங்கே ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம், கணீரென்ற குரல். கம்பெனியில் அந்தப் பெண்களை வேலை வாங்குகிறவர் அவர்தான் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் பேனாவை வாங்கியதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்த அக்கா மட்டும் மனுவை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நாற்பது பெண்கள் என்று எழுதியிருந்த வரியில் கொஞ்சம் நிறுத்தினார். நான் கால் தாங்கி நிற்பதை ஒரு தடவை, தாளை ஒரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

டெப்போவில் இருந்த அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றார். மனுவைப் படித்து, பரவாயில்லையே என்று பாராட்டினார். ஒரு மாதம் சோதனையாக விட்டுப் பார்க்கிறோம், காலை எட்டு பத்து, சாயங்காலம் ஆறரை, காலை டிரிப்புக்கு முப்பது பேராவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்றார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது, ஆனால் அந்தச் சீட்டும் ஏறிய ஆள் கணக்கில் சேரும் என்றும் சொன்னார்.

"எப்போதிலிருந்து விடட்டும்?" என்று கேட்டார்.

நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"தீபாவளி முடிஞ்சு விடுங்க சார்."

அவரும் எழுதிக்கொண்டார். வெளியூர்க்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். வெளியே வந்து, வெற்றிக் களிப்பில் ஒரு ரோஸ்மில்க் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் பஸ் வந்தது. வந்த அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். கருவேலங்காட்டுக்கு நடுவில் முதலில் ஹாரன் சத்தம் கேட்டது, பிறகு புழுதி தெரிந்தது, பிறகுதான் பஸ். சங்கத்தில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். எங்கள் தெருவின் குறுகலான முக்கில் டிரைவர் பஸ்ஸை ஒரே ஒடிப்பில் திருப்பினாரே, அதற்கே இன்னொரு மாலை போடலாம். நூறு பேர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். பிறகு பஸ் கிளம்பியது. உள்ளே ஆறு பேர்.

கண்டக்டர் முப்பது வயதுக்காரர், வாய்த்துடுக்கு. என்னிடம் சீட்டைக் கொடுத்துக்கொண்டே, "என்னக்கா, ஊரே தெரண்டு வந்து வழியனுப்புது, ஏறத்தான் ஆளக் காணோம்?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். காலி சீட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. என் நாற்பது பெண்கள் எங்கே? அப்போதுதான் பொட்டில் அடித்தது போல உறைத்தது. தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனி எல்லாம் மூடிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். வருஷத்தில் அந்தப் பெண்கள் கால் நீட்டிப் படுக்கிற ஒரே மாதம் அது. அந்த மாதத்தைத் தேடிப் பிடித்து நான் பஸ் கேட்டு வாங்கியிருக்கிறேன். முன்னூற்று அறுபத்தைந்து தாளில் ஒன்று இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவள், ஒரு மாதத்தையே இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள் ஐந்து பேர். அதற்கு மறுநாள் ஏழு பேர், அதில் இரண்டு பேர் ஆர்ச்சில் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் இப்போது கேலி பண்ணவில்லை. "இப்பிடியே போனா மாசக் கடைசியில வண்டி உள்ள வராதுக்கா. நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, சீட்டுதான் பேசும்" என்றார். அவர் கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அன்றைக்கு பிரஸ்ஸில் இரண்டு கட்டு காலண்டரில் தப்பை விட்டுவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

சாயங்காலம் கடைசித் தெருவுக்குப் போனேன். அந்த அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையை விரித்துப் போட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். அவர்கள் கைகளைப் பார்த்தேன். சீசனில் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பவுடர் ஏறி நகக்கண் எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். இப்போதுதான் தோல் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

"கம்பெனி லீவுங்கிறது எனக்குத் தோணவே இல்லை" என்று ஆரம்பித்தேன்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அக்காதான் விளக்கினார்.

"காலண்டரம்மா, இந்த ஒரு மாசம் இங்கன யாரும் கம்பெனின்னு சொல்லக் கூடாது. கம்பெனிப் பேச்சே ஆகாது. சொன்னவுகதான் மத்த எல்லாருக்கும் முறுக்கு வாங்கிக் குடுக்கணும். நீங்க வந்ததும் மாட்டிக்கிட்டீக."

எனக்குக் காலண்டரம்மா என்று ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். கடையில் முறுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். ஒரு மாதச் சோதனை, முப்பது பேர், இல்லாவிட்டால் பஸ் நின்றுவிடும். தப்பு என்னுடையதுதான் என்றும் சொன்னேன். அந்த வார்த்தை என் வாயில் லேசில் வராது, அன்றைக்கு வந்தது. என் காலைப் பற்றியோ, வேலையைப் பற்றியோ சொல்லவில்லை. உங்களுக்காகத்தான் கேட்டு வாங்கிய பஸ், கைவிட்டுப் போகிறதே என்கிற மாதிரிதான் பேசினேன்.

அந்த அக்கா முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "எட்டு பத்துக்கா வருது?" என்று கேட்டார்.

"ஆமா."

"சரி, நீங்க போங்க. காலையில பாப்போம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் முக்குக்குப் போனபோது அங்கே முப்பத்தொரு பெண்கள் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன், என் தொழில் அது. ஈரத்தலை, பவுடர் பூசிய முகம், தீபாவளிச் சேலை. கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி வாயைப் பிளந்தார்.

"ஏந்தம்பி, ஏத்துவியா மாட்டியா? அங்கனயே நின்னா எப்பிடி?" என்றார் அந்த அக்கா.

பஸ்ஸில் ஏறிய பிறகு மெல்லக் கேட்டேன், எல்லோரும் எங்கே போகிறீர்கள் என்று. அந்த அக்கா வைத்த சட்டம் அப்போதுதான் தெரிந்தது. சும்மா ஏறி, சும்மா போய், சும்மா திரும்பக் கூடாது. "அது ஏமாத்துல்ல? ஆளுக்கு ஒரு ஜோலியாவது இருக்கணும்" என்றார். ஜோலிக்கா பஞ்சம்? ஒரு வருஷமாக 'தீபாவளி முடியட்டும்' என்று தள்ளிப்போட்ட ஜோலி எல்லாம் ஒவ்வொருத்தரிடமும் மலையாகக் கிடந்தது. ஒருத்திக்கு ஆதாரில் கைரேகை விழவில்லை, பட்டாசு மருந்தில் வேலை பார்த்துப் பார்த்து ரேகை தேய்ந்திருந்தது. ஒருத்திக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். ஒருத்திக்குக் கடைவாய்ப் பல். ஒருத்தி மடியில் மிக்ஸியை வைத்திருந்தாள். ஒருத்திக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். ஒருத்திக்கு அம்மன் கோயிலில் நேர்த்திக்கடன்.

இதில் ஒரு சூட்சுமமும் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோலிதான். ரவிக்கைத் துணி எடுப்பது ஒரு நாள், தைக்கக் கொடுப்பது மறுநாள், வாங்கி வருவது இன்னொரு நாள். ஒரு நாள் வேலையை நாலு நாளாக்குகிற வித்தை ஆபீஸ்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இவர்கள் அவர்களுக்கே பாடம் எடுப்பார்கள்.

அந்த ஒரு மாதப் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்கு முன்னால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்து, கைப்பையை மடியில் வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் போகிறவள் நான். இப்போது அந்த மாதிரி போக விடவில்லை. ஏறியவுடன் ஒரு கட்டு முருங்கைக் கீரையை மடியில் போடுவார்கள், உருவு என்று. சிவகாசி வருவதற்குள் ஐந்து வீட்டுக்குக் கீரை ஆய்ந்து முடிந்துவிடும். காம்பு எல்லாம் கீழே கிடக்கிறது என்று கண்டக்டர் சத்தம் போட்டார். மறுநாள் ஒருத்தி கையோடு விளக்குமாறு கொண்டுவந்து, பஸ் முழுக்கக் கூட்டிவிட்டு இறங்கினாள். டெப்போவிலேயே இம்புட்டுச் சுத்தமாக இருக்காது என்று டிரைவர் சொன்னார். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அது எனக்கு என்று எப்போது முடிவானது, யார் முடிவு செய்தார்கள் என்று தெரியாது. நான் ஏறும்போது அது காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

நிறையப் பேசினோம். மாமியார், மருமகள், ஏலச்சீட்டு, சீரியல், பிள்ளைகளின் மார்க், யார் வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை என்பது வரைக்கும். கம்பெனியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. மறந்து வாய்விட்டவர்கள் முறுக்கு வாங்கினார்கள். நானும் இன்னொரு தடவை மாட்டினேன். அந்தப் பெண்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. தூங்க வேண்டிய மாதத்தில் விடிந்ததும் எழுந்து, குளித்து, சமைத்து, எட்டு மணிக்கு முக்கில் நிற்பது லேசா? தங்களுக்கு ஒரு பஸ் வேண்டும் என்பதற்காக இம்புட்டு மெனக்கெடுகிறார்களே, முன்தெருக்காரர்களில் ஒருத்தருக்காவது இந்த ரோஷம் உண்டா என்று என் கணவரிடம் போனில் சொன்னேன்.

நடுவில் ஒரு நாள் நல்ல மழை. ரோட்டில் ஒரு துண்டு இன்னும் தார் போடாத கரிசல் மண். பஸ் உள்ளே வந்தால் புதைந்துவிடும், ஆர்ச்சிலேயே நிறுத்துகிறோம் என்று கண்டக்டர் போன் பண்ணினார். எனக்கு அன்றைக்கு லீவுதான், வேறு வழியில்லை. வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, சேற்றில் நடந்தார்கள். ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் மாட்டும். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார்கள். அந்த அக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "நீங்க வீட்டுல இருங்க, இன்னைக்கு உங்க சீட்டையும் நாங்களே பாத்துக்கிடுதோம்" என்று கத்தினார். இருபத்தெட்டுப் பேர் ஆர்ச் வரை போய் பஸ் ஏறியிருக்கிறார்கள். பாவம், எவ்வளவு தேவை இருந்தால் இப்படிப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் காப்பி போட்டுக் குடித்தேன்.

நாலாவது வாரத்தில் ஒரு நாள் டெப்போ அதிகாரியே சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்தார். சீட்டுகளைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார். இத்தனை பெண்கள் தினமும் இலவசச் சீட்டில் போய் மதியமே வேறு பஸ்ஸில் ஆர்ச்சுக்குத் திரும்புகிறார்கள் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொருவராக எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்.

முதலில் கேட்டவள் ஆதார் தாளை எடுத்து நீட்டினாள். இரண்டாவது ஆள் மடியிலிருந்த குக்கரைத் திறந்து, ரப்பர் போய்விட்டது என்று காட்டினாள். மூன்றாவது ஒரு வயதான அம்மா. "பல்லப் புடுங்கப் போறேன் சார், பாக்கீகளா?" என்று வாயை ஆவென்று திறந்தார். அதிகாரி ஓரடி பின்னால் போனார். பஸ் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் அந்த அக்காவிடம் வந்தார்.

"தினமும் போறீங்களாமே அம்மா?"

"தினமும் ஜோலி இருக்கே சார். ஒரு வருசத்து ஜோலி. இன்னும் பாதிகூட முடியல."

பொய்யில் ஒரு துளி இல்லை. அதிகாரி அவருடைய சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். என்ன நினைத்தாரோ தெரியாது, சிரித்துக்கொண்டே திருத்தங்கலில் இறங்கிப் போனார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பஸ் இனி நிரந்தரமாக உள்ளே வரும். அதற்குள் பஸ் தினமும் வருகிற நம்பிக்கையில், பக்கத்துக் கிராமத்திலிருந்து காலேஜ் போகிற பிள்ளைகளும் காய்கறி கொண்டுபோகிறவர்களும் ஏற ஆரம்பித்திருந்தார்கள். நான் திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு, என் வேலை இருக்கிறது என்று என் கணவரிடம் சொன்னேன். அதையே மூன்று தடவை சொன்னேன். அவர் ஒன்றும் கேலி பண்ணவில்லை.

அப்புறம் கம்பெனிகளுக்கு பூஜை போட்டார்கள். வேலை ஆரம்பித்தது.

அன்றைக்கு எட்டு பத்துக்கு நான் முக்குக்குப் போனேன். காலேஜ் பிள்ளைகள் நின்றார்கள், காய்கறி மூட்டை நின்றது. கடைசித் தெருவிலிருந்து ஒரு ஆள் இல்லை. பஸ் வந்தது, போனது. மறுநாளும் அப்படித்தான். கண்டக்டர், "உங்க ஆளுக எங்கக்கா?" என்று கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபம்தான் வந்தது. ஒரு மாதம் பாடுபட்டு வாங்கிய பஸ்ஸை இப்படி அம்போ என்று விடலாமா? நாளைக்கு அதிகாரி மறுபடியும் வந்து பார்த்தால் என்ன ஆகும்? எனக்குக் கோபம் வந்தால் கேட்காமல் இருக்க முடியாது.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு வாசலில் போய் நின்றேன். நாற்பது பேரும் சாப்பாட்டுப் பையோடு வந்தார்கள். எல்லோரும் பழைய நூல் சேலையில் இருந்தார்கள். அந்த அக்கா என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன காலண்டரம்மா, இந்நேரத்துல இங்கன நிக்கீக?"

"எட்டு பத்துக்கு பஸ் இருக்குல்ல அக்கா. அதை விட்டுட்டு ஏன் நடந்து போறீக?" சூடாகவே கேட்டேன்.

"எங்க கம்பெனி சாத்தூர்ப் பக்கம்ல இருக்கு. ஏழு மணிக்கு ஆர்ச்சுக்கு கம்பெனி வேன் வந்திரும். உங்க பஸ்ஸு சிவகாசிக்குல்ல போகுது."

நாலு வருஷமாக இவர்கள் வேனுக்குத்தான் நடந்திருக்கிறார்கள். ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடக்கிறார்கள் என்று நானே முடிவு செய்து, நானே மனுவில் எழுதியிருக்கிறேன். எங்கே வேலை என்று ஒரு தடவைகூட யாரையும் கேட்கவில்லை.

"எப்பவும் வேன்தானா?"

"எப்பவும் வேன்தான்."

"அப்போ இந்த ஒரு மாசம்? எதுக்கு அக்கா?"

அவர் என் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார்.

"நீங்க நடக்க மாட்டீகளே."

பின்னால் வந்தவர்கள் நேரமாகிறது என்று சத்தம் கொடுத்தார்கள். "வேன்காரன் நிக்க மாட்டான், வாரோம்" என்று சொல்லிவிட்டு அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். நாற்பது பேரும் கருவேலங்காட்டுக்கு நடுவில் ஆர்ச்சைப் பார்த்துப் போனார்கள். வெயில் ஏறும் வரைக்கும் வாசலிலேயே நின்று அழுதேன்.

பஸ் இன்றைக்கும் எட்டு பத்துக்கு என் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வாங்கிக் கொடுத்தவர்கள் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே நடந்து போய்விடுகிறார்கள்.